மென்பொருள் உருவாகும் வழிகள்



ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, கோலசிலாங்கூர் வட்டாரத்தில் இன்று கைப்பேசி இல்லாத வீட்டைக் காண்பது அரிது. அரசாங்க உதவித்தொகைக்கு மனுச் செய்வதும், பிள்ளையின் பள்ளிச் செய்தியைப் பார்ப்பதும், சம்பளம் வங்கியில் ஏறிவிட்டதா என்று அறிவதும் அந்தச் சிறு கருவியில்தான். கருவியை நாம் கண்ணால் காண்கிறோம். அதற்குள் இருந்து அதை இயக்கும் மென்பொருளைக் காண்பதில்லை. இயந்திரம் இன்னது செய்ய வேண்டும், இன்ன வேளையில் செய்ய வேண்டும் என்று மனிதர் எழுதி வைக்கும் கட்டளைகளின் தொகுப்பே மென்பொருள். ஆயிரக்கணக்கில், சில வேளைகளில் இலட்சக்கணக்கில் வரிகள் எழுதப்படுகின்றன. பலர் கூடி எழுதுகிறார்கள். பலர் கூடிச் செய்யும் எந்த வேலைக்கும் ஓர் ஒழுங்கு வேண்டுமல்லவா? அந்த ஒழுங்கு எத்தனை வகைப்படும், எதில் என்ன நன்மை, எதில் என்ன கெடுதல் என்பதையே இன்று பார்க்கப் போகிறோம். "மகனைக் கம்ப்யூட்டர் படிக்க வைக்கலாமா?" என்று கேட்கும் பெற்றோருக்கு மட்டுமன்றி, கைப்பேசியில் பெயரைப் பதிய முடியாமல் திண்டாடும் பாட்டிக்கும் இதில் சம்பந்தம் உண்டு.

முதலில் நம் வட்டாரத்துச் செய்தி ஒன்று. பெஸ்தாரி ஜெயாவை முன்னாளில் பத்தாங் பெர்ஜுந்தை என்றழைத்தோம். அதன் அருகே உள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-ஆம் ஆண்டில் இந்நாட்டிலேயே முதன்முதலாகச் செம்பனை வாணிகப் பயிராக நடப்பட்டது. நட்டவர் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். தமிழ்ப் பெயரைத் தாங்கிய தோட்டம் அப்படி ஒரு சிறப்பைப் பெற்றிருக்கிறது. நமக்கு இங்கே வேண்டியது அவர் வேலை செய்த விதம். எடுத்த எடுப்பில் அவர் காட்டை அழித்துச் செம்பனையாக நட்டுவிடவில்லை. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1911, 1912 வாக்கில், சுமத்ராவிலிருந்து வந்த விதையை ரந்தாவ் பாஞ்சாங் தோட்டத்தில் கொஞ்சமாக நட்டுப் பார்த்தார். மரம் வளர்ந்து காய்க்கிறதைக் கண்ட பின்பே தென்னமரத்தில் இறங்கினார்.

செம்பனை ஏறத்தாழ 25 ஆண்டு நிற்கும் பயிர். முக்கோண வடிவில், மரத்துக்கு மரம் சுமார் 9 மீட்டர் என்று அளந்து முளை அடித்துக் குழி வெட்டுகிறார்கள். நட்டு ஐந்து ஆண்டு கழித்து "இடைவெளி போதவில்லை, கொஞ்சம் தள்ளி நடுவோம்" என்று எவரும் சொல்ல முடியாது. வீட்டுக்குப் பின்னால் போடுகிற கீரைப் பாத்தி அப்படியல்ல. இந்த வாரம் தண்டுக்கீரை, சரிப்படாவிட்டால் அடுத்த மாதம் பயற்றங்கொடி. மண்ணைப் பார்த்து, மழையைப் பார்த்து மாற்றிக்கொண்டே போகலாம். மென்பொருள் எழுதும் முறைகளில் பெரிய பிரிவும் இதுவேதான். எல்லாவற்றையும் முன்கூட்டியே வரையறுத்துவிட்டு நடுவது ஒன்று. கொஞ்சம் போட்டு, பார்த்து, திருத்திப் போடுவது மற்றொன்று.

முதல் முறைக்கு நீர்வீழ்ச்சி முறை என்று பெயர். வேண்டுவன யாவை என்று கேட்டு எழுதிக்கொள்வது முதற்படி. அமைப்பை வரைவது இரண்டாம் படி. அப்புறம் கட்டளைகளை எழுதுவது, சோதிப்பது, ஒப்படைப்பது. மேற்படியில் விழுந்த நீர் மறுபடி மேலே ஏறாது. அதுபோல ஒரு படி முடிந்தால் அடுத்த படிதான், திரும்பிப் போவதில்லை என்பது ஏற்பாடு. 1970-இல் வின்ஸ்டன் ராய்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் எழுதிய கட்டுரையில் இந்தப் படிகளின் படம் இருக்கிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. படத்தைப் போட்ட அதே கட்டுரையில், இப்படி ஒரே போக்காகச் செய்வது ஆபத்து, தோல்வியை அழைப்பது போலாகும் என்று அவரே எழுதினார். புதிய வேலையானால் இரண்டு முறை செய்து பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். உலகம் படத்தை எடுத்துக்கொண்டது, எச்சரிக்கையை விட்டுவிட்டது.

ஆயினும் நீர்வீழ்ச்சி முறையைப் பயனற்றதென்று ஒதுக்குவது பிழை. எழுதுகிறவர் நாளை வேலையை விட்டுப் போனாலும், வருகிறவர் கையில் வரைபடமும் குறிப்பும் இருக்கும். செலவு எவ்வளவு, எப்போது முடியும் என்று முன்கூட்டியே ஓரளவு சொல்லலாம். பிழை நேர்ந்தால் உயிர் போகும் என்ற இடத்தில் இந்தக் கண்டிப்பு அவசியமும் ஆகும். அமெரிக்காவின் விண்வெளி ஓடங்களுக்கு ஏறக்குறைய நான்கு இலட்சத்து இருபதாயிரம் வரி மென்பொருளை எழுதியவர்கள், ஒரு வரியை மாற்றுவதென்றாலும் முதலில் அதை எழுத்தில் வாதித்து, பலர் சரிபார்த்து, அதன் பிறகே மாற்றினார்கள். பிழை மிக அரிது என்று பெயர் எடுத்தார்கள்.

திரும்பப் பெற முடியாத காரியத்தில் இப்படித்தான் நடக்க வேண்டும் என்பதற்குத் தோட்டத்திலேயே சான்று இருக்கிறது. செம்பனைப் பூவுக்கு முன்பு நம் பெண்கள் கையால் மகரந்தம் தூவி வந்தார்கள். 1981-இல் அந்த வேலையை ஒரு சின்னஞ்சிறு வண்டு எடுத்துக்கொண்டது. ஆப்பிரிக்காவின் கெமரூன் நாட்டிலிருந்து வந்த வண்டு அது. விமானத்தில் கொண்டுவந்து நேரே தோட்டத்தில் அவிழ்த்துவிடவில்லை. ரஹ்மான் சையத் என்ற ஆராய்ச்சியாளர் கெமரூனிலேயே பல ஆண்டுகள் ஆராய்ந்தார். பிறகு இங்கே அடைத்து வைத்து, மற்றப் பயிர்களைத் தின்னுமா என்று சோதித்த பின்பே ஜொகூர் மாநிலத்தில் முதலில் விட்டார்கள். பறந்து போன வண்டைத் திரும்பக் கூப்பிட முடியுமா?

நீர்வீழ்ச்சி முறையின் கெடுதல் எங்கே இருக்கிறதென்றால், கேட்டவர் பொருளைக் கண்ணால் காண்பது கடைசி நாளில்தான். முதல் நாளில் தமக்கு என்ன வேண்டும் என்று எவருக்கும் முழுமையாகத் தெரிவதில்லை. தைத்து முடித்த பிறகு போட்டுப் பார்க்கும் சட்டை போன்றது அது. அமெரிக்க அரசாங்கம் மருத்துவக் காப்புறுதிக்காக ஹெல்த்கேர்-டாட்-கவ் என்ற இணையத்தளத்தை 2013 அக்டோபர் 1-ஆம் நாள் திறந்தது. பல நிறுவனங்கள் தனித்தனியே பகுதிகளைச் செய்தன. எல்லாவற்றையும் ஒன்றாகப் பூட்டிச் சோதிக்கப் போதிய காலம் இல்லை. நாடே வந்து தட்டிய அந்த முதல் நாளில் பதிவை முடிக்க முடிந்தவர்கள் ஆறே பேர். பிறகு ஒரு சிறு குழு வந்தது. தினமும் கூடிப் பேசி, அன்றன்று மோசமான கோளாறை அன்றன்று பிடித்துத் திருத்தியது. இரண்டு மாதத்தில் தளம் எழுந்து நின்றது. திருத்தியவர்கள் கையாண்டது, நாம் அடுத்துச் சொல்லப்போகும் முறையைப் போன்றது.

அந்த இரண்டாம் முறைக்கு அஜைல் என்று பெயர். இப்படி வேலை செய்தவர்கள் முன்பும் இருந்தார்கள். ஆனால் 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 பேர் கூடி ஓர் அறிக்கை வெளியிட்ட பின்பே பெயர் நிலைத்தது. கட்டுக்கட்டாகக் குறிப்பு எழுதுவதைவிட ஓடுகிற மென்பொருள் மேல், ஒப்பந்தத்தைப் பிடித்துக்கொண்டு வாதிடுவதைவிட வாடிக்கையாளரோடு சேர்ந்து வேலை செய்வது மேல் என்பது அவர்கள் கருத்தின் சாரம். அதில் ஒரு வகைக்கு ஸ்க்ரம் என்று பெயர். ஒரு மாதத்துக்கு மேற்படாத ஒரு சுற்றில் ஏதாவது ஒரு பகுதியை ஓடும்படி முடித்துக் காட்ட வேண்டும். பார்த்தவர்கள் குறை சொல்வார்கள். அதைக் கொண்டு அடுத்த சுற்று.

ஸ்க்ரம் குழு தினமும் பதினைந்து நிமிடம் கூடும். தோட்டத்து மக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. விடிகாலைப் பிரட்டு என்றால் போதும். ஆனால் ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது. பிரட்டில் கிராணி பெயர் வாசிப்பார், மண்டோர் நிரையைச் சொல்வார், மற்றவர்கள் கேட்டுக்கொண்டு போவார்கள். ஸ்க்ரம் கூட்டத்தில் வேலை செய்கிறவரே பேச வேண்டும். நேற்று என்ன முடித்தேன், இன்று என்ன செய்யப்போகிறேன், எது தடையாக நிற்கிறது என்று ஒவ்வொருவரும் சொல்வது வழக்கம். மேலதிகாரி மட்டும் பேசும் ஸ்க்ரம் பெயருக்குத்தான் ஸ்க்ரம்.

இம்முறையால் நமக்கு என்ன நன்மை? நம் பெயரையே எடுத்துக்கொள்வோம். நம் அடையாள அட்டையில் தகப்பன் பெயருக்கு முன்னால் மலாயில் ஏ, எல் என்றோ ஏ, பி என்றோ நடுவில் ஒரு சாய்வுக் கோட்டோடு போட்டிருக்கும். அந்தச் சாய்வுக் கோட்டை ஏற்காமல் "பெயர் தவறு" என்று தள்ளிவிடும் படிவங்கள் உண்டு. "குடும்பப் பெயர்" என்று ஒரு கட்டம் வைத்து, அதை நிரப்பாமல் மேலே போக விடாத படிவங்களும் உண்டு. நமக்கோ குடும்பப் பெயரே கிடையாது. தகப்பன் பெயரைத்தான் அங்கே போட வேண்டியிருக்கிறது. எழுதியவருக்கு நம்மேல் பகை ஒன்றும் இல்லை. நம்மைப் போன்ற ஒருவர் அவர் முன் உட்கார்ந்து அந்தப் படிவத்தை நிரப்பிப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். இரண்டாம் வாரமே நாலு பேரிடம் கொடுத்துப் பார்த்திருந்தால் அரை மணி நேர வேலை. நாடெங்கும் பரவிய பின்பு அதுவே பெருங்கோளாறு.

இனி, அஜைல் முறையின் கெடுதலையும் சொல்ல வேண்டும். இன்று அதைப் புகழ்கிறவர்களே அதிகம் என்பதால் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறோம். எங்கே முடியும், எவ்வளவு ஆகும் என்பது சுலபத்தில் தெரியாது. குறிப்பு எழுதுவதைச் சோம்பேறித்தனத்தால் விட்டுவிட்டு, "நாங்கள் அஜைல்" என்று சொல்லித் தப்புகிறவர்கள் இருக்கிறார்கள். பயன்படுத்தப் போகிறவர்கள் அடிக்கடி வந்து பார்த்துக் குறை சொல்ல வேண்டும்; ஆறு மணிக்குப் பிரட்டுக்குப் போகிறவருக்கு அதற்கு நேரம் ஏது? எல்லாவற்றுக்கும் மேலாக, அரைவேக்காட்டைக் கொடுத்துவிட்டுப் பிறகு திருத்திக்கொள்ளலாம் என்ற துணிச்சல் வந்துவிடுகிறது.

2024 ஜனவரி 2-ஆம் நாள் நம் அரசாங்கம் பாடு என்ற முதன்மைத் தரவுத்தளத்தைத் தொடங்கியது. பெயரைக் கேட்டதும் நம் பெரியவர்கள் சிரித்திருப்பார்கள். மலாய்ச் சுருக்கெழுத்து அது, தமிழ்ப் பாடு அல்ல. உதவித்தொகை யாருக்குச் சேர வேண்டும் என்று கணக்கெடுக்க, குடும்ப விவரங்களை மார்ச் 31-க்குள் பதியச் சொன்னார்கள். தொடங்கிய உடனேயே ஒரு பெரிய ஓட்டை வெளிப்பட்டது. இன்னொருவரின் அடையாள அட்டை எண் தெரிந்தால் அவருடைய கணக்கின் கடவுச்சொல்லையே மாற்றிவிட முடியும் என்று பொதுமக்களில் சிலர் எடுத்துக்காட்டினார்கள். விரைந்து அடைத்தார்கள், உண்மை. ஆனால் வருமானமும் வீட்டு முகவரியும் வைக்கும் பெட்டிக்குப் பூட்டைப் பிறகு போடலாம் என்றிருப்பதை நம்மால் ஏற்க முடியவில்லை. பொத்தானின் நிறத்தை அடுத்த சுற்றில் மாற்றிக்கொள்ளலாம். பூட்டு முதல் நாளே வேண்டும். ஒரே வேலைக்குள்ளேயே சில பகுதி செம்பனை நடவு, சில பகுதி கீரைப் பாத்தி என்று பிரித்துப் பார்க்கிறவரே நல்ல பொறியாளர். பேரி போம் என்ற அறிஞர் 1980-களில் சுருள் முறை என்று ஒன்றை வகுத்தார். ஒவ்வொரு சுற்றிலும் எது மிக ஆபத்தானதோ அதை முதலில் சோதி என்பது அதன் உயிர்நாடி.

எந்த முறையில் எழுதினாலும் கூட்டத்தைத் தாங்குமா என்று பார்க்காவிட்டால் பயனில்லை. 2021 மே 26-ஆம் நாள் நண்பகலில் அஸ்ட்ராஸெனெக்கா தடுப்பூசிக்கான பதிவுத் தளம் திறந்தபோது, சிலாங்கூரிலும் பிற மாநிலங்களிலும் எத்தனையோ பேர் பக்கம் திறக்காமல் தவித்ததும், பொறுப்பு அமைச்சர் வருத்தம் தெரிவித்ததும் நேயர்களுக்கு நினைவிருக்கும்.

பணம் கொடுக்கும் விதமும் முறையைத் தீர்மானிக்கிறது. தோட்டத்தில் இதை நாம் நன்றாக அறிவோம். பத்து ஏக்கர் புல் வெட்ட இவ்வளவு என்று காண்ட்ராக்ட் விட்டால் செலவு முன்பே தெரியும். ஆனால் காண்ட்ராக்டர் எழுதியதை மட்டும் செய்வார்; வாய்க்கால் ஓரத்தைச் சொல்லவில்லையென்றால் அது நின்றுவிடும். சேர்க்கச் சொன்னால் கூடுதல் பணம். நாள் சம்பளத்தில் செய்தால் போகப்போக மாற்றிச் சொல்லலாம், ஆனால் வேலை நீளாமல் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அரசாங்கங்கள் பெரும்பாலும் மொத்த விலைக்கே மென்பொருளை எழுதி வாங்குகின்றன. கணக்காய்வாளருக்கு அதுவே வசதி. ஆதலால் அஜைல் என்று பேசிக்கொண்டே நீர்வீழ்ச்சி முறையில் வாங்குவது பல நாடுகளில் நடக்கிறது.

இன்னொரு வழியும் உண்டு. எழுதியதை மூடி வைக்காமல் உலகத்தார் எல்லாரும் பார்க்கவும் திருத்தவும் திறந்துவிடுவது. 1991-இல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் தொடங்கிய லினக்ஸ் அப்படி வளர்ந்ததுதான். நம் கையிலுள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் அடித்தளம் அது. பலர் கண் படுவதால் பிழை சீக்கிரம் தெரியும் என்பார்கள். எல்லார் கண்ணும் படும் என்று எல்லாரும் நம்பியிருந்தால் எவர் கண்ணும் படாமல் போவதும் உண்டு. இணையத்தில் பாதிக்கு மேல் நம்பியிருந்த ஓபன்-எஸ்எஸ்எல் என்ற திறந்த மென்பொருளில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை இரண்டு ஆண்டு போல் கிடந்து, 2014-இல்தான் தெரிய வந்தது. அதை முழுநேரமாகக் கவனித்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவே. தமிழைக் கணினியில் ஏற்றிய வரலாற்றிலும் இரு வழிகளையும் காண்கிறோம். நம் மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன் 1980-களில் தொடங்கி வளர்த்த முரசு அஞ்சல், பின்னர் கைப்பேசிக்கு வந்த செல்லினம் ஆகியவை ஒருவர் முயற்சியில் முளைத்தவை. டிஸ்கி என்ற எழுத்துக் குறியீடோ 1990-களின் பிற்பகுதியில் பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சலில் கூடி விவாதித்து அமைத்தது. ஒருவர் கையில் இருந்தால் சீர்மை இருக்கும். பலர் கூடினால் எல்லார் தேவையும் பேசப்படும், காலம்தான் பிடிக்கும்.

இதெல்லாம் படித்தவர்கள் விவாதம், நமக்கென்ன என்று நினைக்கக் கூடாது. பிரிட்டனில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே சிற்றூர் அஞ்சல் நிலையங்களைத் தனியாட்கள் ஏற்று நடத்துவார்கள். நம் இந்திய வம்சாவளியினரும் அவர்களில் ஏராளம். 1999 முதல் அந்த நிலையங்களில் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருளை வைத்தார்கள். கணினி, பெட்டியில் பணம் குறைகிறது என்று காட்டியது. "நாங்கள் எடுக்கவில்லை" என்று அவர்கள் அழுதும் பயனில்லை. கணினி பொய் சொல்லாது என்றார்கள். 2015 வரையில் 900-க்கு மேற்பட்டவர்கள் குற்றவாளிகளாக்கப்பட்டார்கள். சிலர் சிறை சென்றார்கள், சிலர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். மென்பொருளில் பிழைகள் இருந்தன என்று 2019-இல் லண்டன் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024-இல் தனிச் சட்டம் இயற்றி ஒட்டுமொத்தமாகத் தண்டனைகளை நீக்கினார்கள். இது பற்றி நடந்த விசாரணையில் வெளிவந்த செய்தியே நம் பேச்சுக்கு முக்கியமானது. கணக்குப் பகுதியைச் சரியான வரைபடமின்றி அவசர முறையில் எழுதியிருந்தார்கள். அதைத் திருப்பி எழுத வேண்டும் என்று உள்ளே இருந்தவர்களே 1998-இல் எடுத்துரைத்தார்கள். எழுதவில்லை. அவசரமாகச் செய்யும் முறையின் கெடுதல் அதில் இருந்தது. அந்த முறையின் நன்மையான, பயன்படுத்துகிறவர் சொல்வதைக் கேட்டுத் திருத்துவது மட்டும் இல்லாமல் போயிற்று.

இப்போது தோட்டங்களிலும் குலைக் கணக்கைக் கிராணியின் புத்தகத்திலிருந்து கைப்பேசிக்கு மாற்றி வருகிறார்கள். வெட்டிய குலை எத்தனை, எந்த நிரை, யார் பெயரில் என்பதெல்லாம் அதில் ஏறும். மாதச் சம்பளம் அதிலிருந்து வரும். இத்தகைய மாற்றத்தின்போது கணினித் துறையார் கையாள வேண்டிய ஒரு பழைய வழக்கம் இருக்கிறது. அதற்கு இணை ஓட்டம் என்று பெயர் சொல்லலாம். ஒன்றிரண்டு சம்பள மாதங்களுக்குப் பழைய புத்தகமும் புதிய கைப்பேசியும் பக்கத்தில் பக்கத்தில் ஓட வேண்டும். மாதக் கடைசியில் இரண்டையும் வைத்துப் பார்க்க வேண்டும். ஒத்துப்போகாத பெயர் எதுவென்று தேடி, ஏன் என்று கண்டுபிடித்த பிறகே புத்தகத்தை மூட வேண்டும். நீர்வீழ்ச்சி முறையில் எழுதியதானாலும் அஜைல் முறையில் எழுதியதானாலும் இதற்கு விலக்கில்லை. கிராணிக்கு இரட்டை வேலை என்பதால் இதைச் சுருக்கிவிடவே எல்லாருக்கும் ஆசை இருக்கும். உங்கள் தோட்டத்துக்கு அத்தகைய கைப்பேசிக் கணக்கு வருகிறதென்றால், எத்தனை மாதம் இரண்டும் சேர்ந்து ஓடும் என்று முதற்கூட்டத்திலேயே தொழிற்சங்கப் பிரதிநிதி மூலமாகக் கேளுங்கள். அன்றைய குலைக் கணக்கை அன்றே சீட்டாகவோ செய்தியாகவோ வெட்டுகிறவர் கையில் கொடுப்பார்களா, கணக்கு தவறென்றால் யாரிடம், எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.